திறக்க வேண்டாம் என்று எழுதிய பெட்டிகள்

லிண்டன்ஃபெல்ட், ஜெர்மனி
2 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அப்பா இறந்ததிலிருந்து இரண்டு வருஷமாக இப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

பேட்டை வீட்டு விலாசத்துக்கு இரண்டு பெட்டிகள் அனுப்பியிருக்கிறேன். நான் இதுவரை எழுதிய இசைத்தாள்கள் அவற்றில் இருக்கின்றன. வேறொன்றும் இல்லை. ஒத்திகை அரங்குக்குப் பக்கத்தில் சிறிய வீடாகப் பார்த்து மாறுகிறேன், அங்கே வைக்க இடமில்லை. முன்னறையில் பியானோவுக்குப் பக்கத்தில், தரையில் படாமல், பலகை போட்டு வைக்கவும். அந்த மேற்குச் சுவர் மழைக்கு ஊறும், கவனம்.

பெட்டிகளைத் திறக்க வேண்டாம். தாள்கள் இருக்கிற வரிசை எனக்கு மட்டும்தான் புரியும்.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. கச்சேரிப் பருவம் தொடங்கிவிட்டதால் நிற்க நேரமில்லை. நீ பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம். பெட்டி வந்து சேர்ந்ததும் பக்கத்து வீட்டு மாரிராஜிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சித்தப்பா மகன் என்ற முறைக்கு அவனாவது என்னோடு பேசுகிறான்.

பேச்சிராஜ்

பேட்டை, திருநெல்வேலி
6 அக்டோபர் 2024

தம்பி பேச்சிராஜுக்கு,

பெட்டிகள் வந்தன. மாரிராஜிடம் சொல்லவில்லை. எனக்குக் கை இருக்கிறது, நானே எழுதுவேன்.

தாலுகா ஆபீசில் என் மேசைக்கு வருகிற சான்றிதழ் மனுக்களில் பாதி, வந்த காரணத்தை மறைத்துக்கொண்டு வருபவை. வருமானம் குறைவு என்று எழுதிக் கொடுப்பவன் விரலில் மோதிரத் தழும்பு இருக்கும். இத்தனை வருஷம் அதைப் பார்த்தே பிழைத்தவள் நான். உன் கடிதமும் அந்த மாதிரி மனுதான்.

ஒத்திகை அரங்குக்குப் பக்கத்தில் வீடு என்கிறாய். பெட்டி மேல் ஒட்டியிருந்த தபால் முத்திரையில் வேறு ஊர்ப் பெயர் இருந்தது. என் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற நித்யா வரைபடத்தில் தேடிச் சொன்னாள், அது உன் ஊரிலிருந்து ரயிலில் போகிற தூரமாம். போன வருஷம் வரை கச்சேரி நடந்தால் அதன் அழைப்பிதழை மாரிராஜுக்கு அனுப்புவாய். அவன் அதை ஊர் முழுக்கக் காட்டுவான். இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. நிற்க நேரமில்லாத நீ பெட்டிக்கு உள்ளே இருப்பதை இரண்டு மொழியில் அழகாக எழுதி, மூலைக்கு மூலை டேப் ஒட்டியிருக்கிறாய். நேரம் நிறைய இருக்கிறவன் செய்கிற வேலை அது.

தாசில்தார் கேட்பது போல நானும் நேராகவே கேட்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறவன் எதற்கு எழுதியதையெல்லாம் வீட்டைவிட்டு அனுப்புகிறான்?

அப்பா செத்தபோது மூன்றாம் நாள் வந்து ஐந்தாம் நாள் கிளம்பினாய். பதினாறுக்கு இருக்கவில்லை. கச்சேரி இருக்கிறது என்றாய். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நான் திரும்ப வாங்கிக்கொள்வதாக நினைத்து இந்தக் கடிதத்தைப் படிக்காதே. போனில் நீ சிரித்துச் சமாளித்துவிடுவாய். காகிதத்தில் பொய் எழுதக் கொஞ்சமாவது கை கூசும்.

சுடலைவடிவு

லிண்டன்ஃபெல்ட்
24 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

உன் ஆபீஸ் மேசைக்கு மனுப் போட்டவன் இல்லை நான்.

பக்கத்து ஊர் இசைக்குழு என்னை விருந்தினராக அழைத்திருந்தது. அங்கிருந்தபடி பெட்டிகளை அனுப்பினேன், அதனால் அந்த முத்திரை. அழைப்பிதழ்களை இப்போது யாரும் அச்சிடுவதில்லை. எல்லாம் கைப்பேசியிலேயே வருகிறது. நவம்பர் முழுக்க எனக்கு ஒத்திகை. காலை ஒன்பதுக்குப் போனால் மாலைதான் திரும்புகிறேன். டிசம்பரில் பெரிய கச்சேரி, என் புதிய படைப்பும் அதில் இருக்கிறது.

சந்தேகப்படுவது உனக்குத் தொழில். வீட்டில் உள்ளவர்களிடமும் அதைக் காட்டாதே. அப்பா காரியத்தைப் பற்றி நான் உன்னோடு சண்டை போட விரும்பவில்லை. நான் ஏன் கிளம்பினேன் என்று நீ ஒருதரம்கூடக் கேட்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதினாய்.

பெட்டிகளைத் திறந்தாயா? அதை மட்டும் எழுது.

பேச்சிராஜ்

பேட்டை
11 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. இங்கே மழை பிடித்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் போகிறது, குறுக்குத்துறை முருகன் கோவில் படி வரை வந்துவிட்டது என்றார்கள். போன வருஷத்து வெள்ளம் மாதிரி ஆகாது என்று ஆபீசில் பேசிக்கொள்கிறோம். மாரிராஜ் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள்.

அங்கே குளிர் அதிகம் இருக்கும். நன்றாகச் சாப்பிடு. வேளைக்குத் தூங்கு. உன்னோடு யாராவது சிநேகிதர்கள் இருக்கிறார்களா? இருந்தால் எழுது.

அன்புடன்,
அக்கா

லிண்டன்ஃபெல்ட்
1 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

நீ என்னை 'அன்புள்ள' என்று எழுதியது இதுதான் முதல் தடவை. அப்போதே ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மாரிராஜ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பியானோவை மினி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். "எங்க கொண்டு போறாவன்னு கேட்டேன், ஒன் சோலியப் பாருலேன்னுட்டா" என்றான். அப்பா எனக்காகப் பழசாக வாங்கி, தோளில் தாங்கி உள்ளே இறக்கிய பியானோ அது. அதை விற்றுவிட்டாயா?

இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் மேலப்பாளையத்து ஆட்டோ ஒன்று வந்து உன்னை ஏற்றிப் போகிறதாம். இருட்டியபின்தான் இறங்குகிறாயாம். பாளையங்கோட்டையில் ஒரு கூடத்தில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே உன்னைப் பார்த்ததாகச் சித்தி சொல்கிறாளாம். அக்கா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகப் போகிறாள் என்று ஒரு பேச்சு, கல்யாணம் கட்டப் போகிறாள் என்று இன்னொரு பேச்சு. நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், யாரைக் கட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. என்னிடம் மறைத்துத்தான் செய்ய வேண்டுமா?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். நேற்று மாரிராஜ் ஒரு காணொளித் துண்டு அனுப்பினான். யாரோ கைப்பேசியில் எடுத்தது. முப்பது நாற்பது பேர் நின்று பாடுகிறார்கள். கேட்ட இரண்டாவது நொடியிலேயே தெரிந்துவிட்டது. அது என்னுடையது. மேல் பெட்டியில், நீலக் கயிறு கட்டி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. இரண்டு வருஷமாக எழுதியது. ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பெண்கள் நுழைகிற இடத்தையே தப்பாகப் பாடுகிறார்கள்.

அதை யாரிடம் கொடுத்தாய்? பெட்டியைத் திறந்த பிறகு 'பத்திரமாக இருக்கின்றன' என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

பேச்சிராஜ்

பேட்டை
17 டிசம்பர் 2024

பேச்சிராஜ்,

கூசியது. அதனால்தான் அந்தக் கடிதத்தில் மழையையும் காதுகுத்தையும் எழுதினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

உன் அக்டோபர் கடிதம் வந்தபிறகு, மாரிராஜின் போனை வாங்கி உனக்கு அடித்தேன். அங்கே காலைப் பதினொரு மணி இருக்கும். ஒத்திகை என்று நீ எழுதியிருந்த நேரம். நீ எடுத்தாய். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற இரைச்சல். யாரோ உன்னை விரட்டுகிற மாதிரி ஜெர்மனில் கத்தினார்கள். நீ "ஹலோ, மாரி, அப்புறம் பேசுதேன்லே" என்றாய். நான் பேச நினைத்தேன். இரண்டு வருஷம் பேசாத வாய், வரவில்லை. வைத்துவிட்டேன். நீ உயிரோடு இருப்பது தெரிந்தது. ஆனால் அது எனக்குப் போதவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். எங்கள் ஆபீசில் கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். ஒரு வாரத்தில் தன் பொருளையெல்லாம் ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். வாட்சை ஒருவருக்கு, சைக்கிளை ஒருவருக்கு. நாங்கள் தாராள மனசு என்று பேசினோம். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. உன் பெட்டிகளைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. இதைக் காகிதத்தில் எழுதவே பயமாக இருக்கிறது.

எனக்கு அந்தத் தாள்களில் ஒன்றும் புரியவில்லை. புரிகிறவர்கள் யாரென்று யோசித்தேன். உன்னோடு பள்ளிக்கூடக் கொயரில் பாடிய சாலோமி இப்போது முருகன்குறிச்சிப் பக்கம் இருக்கிறாள். பள்ளியில் பாட்டு டீச்சர். சனிக்கிழமைகளில் ஒரு பழைய கூடத்தில் கொயர் நடத்துகிறாள். கோவில், சர்ச், பள்ளிவாசல் என்று பார்க்காமல் குரல் இருக்கிற யாரும் வரலாம். நீலக் கயிறு கட்டிய தாள்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"இவன் அங்க வேலையில இருக்கானா, என்னன்னு பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் கைப்பேசியில் உன் இசைக்குழுவைத் தேடினாள். வாசிக்கிறவர்கள், நடத்துகிறவர்கள், கதவு திறப்பவர் வரை பெயரும் படமும் இருந்தன. உன் பெயர் இல்லை. போன வருஷத்துப் பக்கத்தில் இருந்தது. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "அக்கா, அவனக் கிளறாதீங்க. கேள்வி கேக்காம பைய எழுதுங்க" என்றாள். அந்த 'அன்புள்ள' அவள் சொல்லி எழுதியது.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் அவள் தாள்களைப் பிரித்தாள். இரண்டு பக்கம் சத்தமில்லாமல் படித்தாள். கீபோர்டில் ஒரு கையால் வாசித்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"இது நம்ம டவுன் பஸ்ல்லா."

பேட்டை, டவுன், ஸ்ரீபுரம், ஜங்ஷன். அப்பா வாயில் வருகிற அதே இழுப்பு. அவர் முருகன்குறிச்சியை எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்கும் உனக்கும் தெரியாதா. கண்டக்டர் பூதத்தான் என்று அப்பா பெயரைச் சொன்னால் அந்த ரூட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஆளைச் சொல்வார்கள். பாலம் ஏறியதும் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்ப்பாரே, அந்த இடத்தில் எல்லாக் குரலும் வாயை மூடி முனகும்படி எழுதியிருக்கிறாய் என்று சாலோமி பாடிக் காட்டினாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஐந்து நாள் இருக்க முடியாதவன் அவர் குரலை இரண்டு வருஷம் வைத்து எழுதியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

நான் கொடுத்ததால்தான் பாடுகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கூடத்தில் நல்ல பியானோ இல்லை, அதனால் நம் பியானோ அங்கே போனது. விற்கவில்லை. ஆட்டோக்காரர் அசன் மைதீன். அவர் மனைவி ருக்சானா அந்தக் கொயரில் சோப்ரானோ, மேல்குரல். என்னை ஏற்றுவதற்காகப் பேட்டை வரை சுற்றி வருகிறார்கள். நான் ஆல்டோவில் நிற்கிறேன். கல்யாணமும் இல்லை, வேதமும் இல்லை. மாரிராஜிடம் இதைச் சொல்லாதே. அவன் யோசித்துக்கொண்டே இருக்கட்டும்.

இனி நீ எழுது. அந்த இயந்திரச் சத்தம் என்ன? டிசம்பர் கச்சேரி எங்கே? முதலில், நீ எப்படி இருக்கிறாய் என்பதை ஒளிக்காமல் எழுது. பிறகு என்னைத் திருடி என்று வேண்டுமானாலும் சொல்.

சுடலைவடிவு

லிண்டன்ஃபெல்ட் அல்ல, ராட்டன்பாக்
4 ஜனவரி 2025

அக்காவுக்கு,

மேலே எழுதியிருப்பதுதான் நான் இருக்கிற ஊர். போன மே மாதத்திலிருந்து இங்கேதான். பழைய விலாசத்துக்கு வருகிற உன் கடிதங்களைத் தபாலில் இங்கே திருப்பிவிடுகிறார்கள்.

அந்தச் சத்தம் பார்சல்கள் ஓடுகிற பட்டையின் சத்தம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிட்டங்கியில், பார்சல் குடோனில், வேலை செய்கிறேன். வருகிற பெட்டியை எடுத்து ஊர்வாரியாகப் போட வேண்டும். உனக்கு அனுப்பிய பெட்டிகளும் அந்தப் பட்டையில்தான் ஏறின. டிசம்பர் கச்சேரி இல்லை.

நீ பயந்த காரியத்தைப் பற்றி: அப்படி நினைத்ததே இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஒரு குளிர்காலம் முழுக்க எதற்கும் எழுந்திருக்கப் பிடிக்காமல் இருந்தது. இங்கே ஒரு டாக்டரிடம் போகிறேன், மாத்திரையும் உண்டு. பெட்டிகளை அனுப்பியது சாவதற்காக இல்லை. அந்தத் தாள்கள் இருக்கிற அறையில் என்னால் தூங்க முடியவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

என் வேலை எப்படிப் போனது என்று கேட்பாய். நீ எல்லாவற்றையும் சரிபார்ப்பாய், அதனால் ஒழுங்காகவே எழுதுகிறேன்.

பள்ளியில் தடித்த குரலுக்கு ஆள் இல்லை என்று என்னைக் கொயரில் பிடித்துப் போட்டதிலிருந்து உனக்குத் தெரியும். சென்னையில் கல்யாண வரவேற்புகளில் வாசித்துப் படித்தது தெரியும். இங்கே வந்து படித்து முடித்ததும் ஓபரா பாடகர்களுக்கு ஒத்திகையில் பியானோ வாசிக்கிற வேலை கிடைத்தது. ஒருநாள் மாலை இசைக்குழு நடத்துநருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் இடத்தில் நிற்க உனக்கு முழுவதும் மனப்பாடமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று பொய் சொன்னேன். முக்கால்வாசிதான் தெரியும். ஆனால் குழு என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் லிண்டன்ஃபெல்டில் இரண்டாம் நடத்துநர் ஆனேன். மனசு நிறைந்து இருந்த வருஷங்கள் அவை.

போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் என் சொந்தப் படைப்பு ஒன்றை வாசித்தார்கள். பேட்டைப் பட்டறைகளில் லேத் ஓடுகிற சத்தத்தை வைத்து, வயலின்களுக்கு எழுதியது. கரடுமுரடாகத்தான் இருக்கும். மறுநாள் பத்திரிகையில், அதில் கிழக்கின் சந்தன மணம் வீசியது என்று எழுதினார்கள். லேத் பட்டறையில் சந்தனம். நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போனது. அதேபோல மணக்க மணக்க இன்னொன்று எழுது, மேடையில் உன் ஊர் உடையில் வா என்றார்கள். மாட்டேன் என்றேன். நான் பேசிய விதமும் சரியில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வேறு ஊர்களுக்கு எழுதிப் போட்டேன். சிலர் மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் மேடைக்குப் பின்னால் அங்கியோடு நின்றுகொண்டிருந்தேன். போய் நடத்தினேன். ஊரிலிருந்து ஐந்தாம் நாள் கிளம்பியதும் ஒப்பந்தத்துக்குப் பயந்துதான். அந்த இடத்தை விட்டால் அடுத்தவன் வந்துவிடுவான் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அப்படிக் காத்த இடம்தான் போனது.

இப்போது நான் கேட்கிறேன். சாலோமி எப்போதும் இரக்கப்படுகிறவள். நீ அவளிடம் அழுதாயா? வேலை போனவன், மனசு சரியில்லாதவன், அவன் பாட்டைப் பாடுங்கள் என்றாயா? அந்த நாற்பது பேருக்கும் இது தெரியுமா? தெரிந்து பாடினால் வேண்டாம். தாள்களைக் கயிறு கட்டி உள்ளே வை.

தெரியாது என்றால், ஆல்டோக்களிடம் சொல்: பாலம் முடிகிற இடத்தில் அவர்கள் முந்தி நுழைகிறார்கள். டெனர் ஆண்கள் வண்ணாரப்பேட்டை என்று முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அதைக் கடிதத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. கிட்டங்கியில் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.

பேச்சிராஜ்

ராட்டன்பாக்
9 மார்ச் 2025

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த இட்லிப்பொடி உடையாமல் வந்தது. சுங்கத்தில் முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ மருந்து என்று நினைத்தார்கள்.

ஜங்ஷனில் ரயில் ஏறும்போது உன்னிடம் பேச முடியவில்லை. பக்கத்தில் மாரிராஜ் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அதனால் இதில் எழுதுகிறேன்.

முதல் ஒத்திகையிலேயே எல்லார் முன்னாலும் "அக்கா, நீ பாடாதே" என்று சொன்னேன். நாற்பது பேருக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தது, அது உன்னுடையது. எனக்கு அந்த நேரத்தில் அக்கா, மாமா எல்லாம் தெரியாது, காதுதான் இருக்கும். நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அசன் மைதீன் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாய். ருக்சானா என்னிடம் வந்து, "ஒங்க அக்கா இல்லன்னா இந்தத் தாளு எங்களுக்கு எங்கன கிடைச்சிருக்கும்? அவுகளையா வெளிய அனுப்புதிய?" என்று கேட்டது உனக்குத் தெரியாது. நான் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் நீ கூடத்தைப் பூட்டிச் சாவியோடு ஆபீஸ் போய்விடுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். நீ எனக்கு முன்னால் வந்து மின்விசிறியைப் போட்டு, பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒத்திகைகள் முழுக்க என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாள் புரட்டினாய். ஒரு பக்கம்கூட நீ தப்பாகப் புரட்டவில்லை.

இரக்கத்துக்குப் பாடுகிறார்களா என்று நான் கடைசிவரை சந்தேகப்பட்டேன். சாலோமியிடமே கேட்டேன். "ஒனக்கு வேல போனது எனக்கு மட்டுந்தான் தெரியும்வே. இவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ நேரத்துக்கு டீ விட மாட்டேங்குதேங்கதுதான்" என்றாள். அதன் பிறகு நிம்மதியாகக் கத்தினேன்.

பாளையங்கோட்டைக் கச்சேரியன்று முதலில் சனம் சிரித்ததே, நீ பார்த்தாய். பேட்டை, டவுன் என்று தொடங்கியதும் பின்வரிசையில் யாரோ "ரெண்டு டிக்கெட்டு" என்றார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. லிண்டன்ஃபெல்டில் யாரும் சிரித்ததில்லை, யாரும் எதுவும் செய்ததில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜங்ஷன் வரும்போது சிரிப்பு குறைந்தது. பாலத்தில் அந்த முனகல் எழுந்தபோது ஒரு இருமல்கூட இல்லை. முதுகு வழியாக அதைக் கேட்டேன். ஆல்டோக்கள் காத்திருந்தார்கள். சரியான இடத்தில் நுழைந்தார்கள்.

முடிந்ததும் அப்பாவோடு வண்டி ஓட்டிய டிரைவர் மாரிக்கண்ணு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கப்பன் இம்புட்டு நல்லாக் கூப்பிட மாட்டான்வே" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதைத்தான் வெட்டி ஒட்டிவைக்க வேண்டும், ஆனால் அச்சில் இல்லை.

இனிச் செய்தி. சாலோமி எடுத்த பதிவை இங்கே பக்கத்து ஊரில் ஒரு கொயருக்கு அனுப்பியிருந்தேன். விவசாயிகள், ஒரு பல் மருத்துவர், பள்ளிக்கூட ஆட்கள். அவர்களை நடத்தி வந்த பெண் பிள்ளைப்பேறுக்குப் போகிறாராம். என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை. கிட்டங்கி வேலையை விடவில்லை, அது பகலில் இருக்கும். பெரிய இடம் இல்லை. எனக்குத் தெரியும். அவர்களுக்கு முருகன்குறிச்சி என்று சொல்ல வரவில்லை. முதல் இரண்டு மாலையும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தம்பி
பேச்சிராஜ்

பேட்டை
30 மார்ச் 2025

தம்பி பேச்சிராஜுக்கு,

பிள்ளைப்பேறுக்குப் போனவள் திரும்பி வந்தால் உன்னை அனுப்பிவிடுவார்களா? அதை எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்தக் கொயரைச் சாலோமி கைப்பேசியில் பார்த்துவிட்டாள். உன் படம் இருக்கிறது, குளித்துவிட்டு எடுத்திருக்கலாம். இந்த முறை பார்க்கச் சொன்னது நான் இல்லை, அவளாகத்தான் பார்த்தாள்.

'அக்கா, நீ பாடாதே' என்றதற்கு நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆபீசில் நித்யாவிடம் பாடிக் காட்டினேன். அவள் ரொம்ப நல்ல பெண், ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் வீரவநல்லூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு நம் கொயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு நேற்று ஒத்திகை. எல்லாரும் வந்துவிட்டார்கள். சாலோமியிடமிருந்து செய்தி வந்தது, தொண்டை கட்டி, காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று. ஆளாளுக்குப் பையை எடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் சந்தேகம். இன்றைக்குக் கிளம்பினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள், அதற்கடுத்த வாரம் கூடமே இருக்காது. இப்படிக் கலைந்துபோனதை ஆபீஸ் சங்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ருக்சானாவுக்கு நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் பாட வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள்: "அக்கா, நோன்பு தெறக்க இன்னும் நேரம் கெடக்கு. நீங்க முன்னால நின்னு கையக் காட்டுங்க. தம்பி செய்யச்செய்ய நீங்கதான பக்கத்துல இருந்து பாத்திய."

"எனக்குப் பாட்டு வராதுன்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

"நீங்க பாட வேண்டாம்."

போய் நின்றேன். தாள் புரட்டிப் புரட்டி எந்த இடத்தில் யார் என்பது எனக்குத் தெரியும், உன் கை எங்கே இருந்தது என்பதும் தெரியும். வேறொன்றும் தெரியாது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இத்தனை வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், இவள் மறுத்துவிடுவாளோ என்றுதான் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் அப்படிப் பார்க்கவில்லை.

கையைத் தூக்கினேன்.

அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். சத்தம் கேட்டது. நான் எதுவும் சொல்லவில்லை, கையைத்தான் தூக்கினேன். மூச்சை இழுத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள், நான் இறக்குவதற்காக. எனக்கு உடம்பெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. தப்பாக இறக்கினால் என்ன ஆகும் என்று. அந்த ஒரு நொடிக்கு அவர்கள் எல்லாருடைய மூச்சும் என் கையில் இருந்தது.

இறக்கினேன். பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது என்று ருக்சானா சொன்னாள். எனக்குத் தெரியாது, நான் எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் உன்னை நினைத்தேன். இதை உன் கையில் வருஷக்கணக்காக வைத்திருந்துவிட்டு, ஒருநாள் காலையில் எழுந்து பார்சல் பெட்டிகளைத் தூக்கப் போயிருக்கிறாய். இதை நான் கேட்காமலேயே இருந்திருக்கிறேன். அன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

அக்கா
சுடலைவடிவு